மத்தியதரைக் கடல் கப்பல் சுற்றுலா: மேற்குப் பக்கமா, அட்ரியாடிக் பக்கமா?

ஒரு வாரக் கப்பல் சுற்றுலா தேடினால் பெரும்பாலும் இரண்டு வழிகள் கண்ணில் படும். பார்சிலோனா, மார்செய், ஜெனோவா, ரோம், நேபிள்ஸ் என்று மேற்கே சுற்றுவது ஒன்று. வெனிஸ் பக்கம் ஏறி மாண்டினீக்ரோவின் கோட்டோர், குரோஷியாவின் துப்ரோவ்னிக் என்று, இத்தாலிக்குக் கிழக்கே இருக்கும் அட்ரியாடிக் கடலில் போவது இன்னொன்று. பெயரைப் பார்த்தால் மேற்குதான் ஜெயிக்கும். ஆனால் கப்பல் நிற்கும் எட்டு, ஒன்பது மணி நேரத்தில் ஊருக்குள் எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்பதுதான் என் கணக்கு.

அந்தக் கணக்கில் ரோம் தேறாது. கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியாவில். அங்கிருந்து ரோம் சுமார் 70 கிலோமீட்டர். ஸ்டேஷனுக்கு பஸ், அப்புறம் ஏறக்குறைய ஒரு மணி நேர ரயில், சாயங்காலம் அதே வழியில் திரும்ப ஓட்டம். கொலோசியத்தை வெளியே நின்று பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். அட்டவணையில் ஃபிளாரன்ஸ் என்று இருந்தாலும் இதே கதை, இறங்குவது லிவோர்னோவில்.

மேற்கு வழியின் மானத்தைக் காப்பது நேபிள்ஸ். இறங்கினதும் எதிரிலேயே காஸ்டெல் நுவோவோ கோட்டை. கரிபால்டி ஸ்டேஷனுக்குப் போய் சர்க்கும்வெசுவியானா ரயில் பிடித்தால் சுமார் 40 நிமிடத்தில் பொம்பேயி. கி.பி. 79-ல் வெசுவியஸ் எரிமலை புதைத்த ஊரின் தெருக்களில் காலை முழுக்க நடந்துவிட்டு, மதியத்துக்கு பீட்சா சாப்பிடத் திரும்பிவிடலாம். ரயிலில் கூட்டம் நெரியும், பர்ஸ் பத்திரம்.

அட்ரியாடிக்கில் அலைச்சல் குறைவு. கோட்டோர் வளைகுடாவுக்குள் மலைகளுக்கு நடுவே கப்பல் நுழைவதைப் பார்க்கவே விடியலில் எழுந்துவிடுங்கள். பழைய ஊர் துறைமுகத்தை ஒட்டியே இருக்கிறது; மேலே கோட்டைக்கு ஏறக்குறைய 1,350 படிகள். துப்ரோவ்னிக்கில் குருஷ் துறைமுகத்திலிருந்து டவுன் பஸ்ஸிலேயே பழைய ஊரின் மதில் வாசலுக்குப் போய்விடலாம். கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர் நீள மதிலில் நிழல் குறைவு, காலையிலேயே ஏறுங்கள். வெனிஸ் விஷயத்தில் மட்டும் உஷார்: 2021 ஆகஸ்டிலிருந்து பெரிய கப்பல்கள் ஊரின் நடுவே சான் மார்கோ சதுக்கத்தை ஒட்டிய வழியாகப் போக முடியாது. ஏறும் இடம் வெனிஸை அடுத்த மர்கேராவா, இல்லை வேறு ஊர்களான ட்ரியெஸ்டேயா, ரவென்னாவா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

என் ஓட்டு அட்ரியாடிக்குக்கு. ரோம் பார்த்தே ஆக வேண்டுமென்றால் தனியாக இரண்டு நாள் ஒதுக்குங்கள். இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் விசாவையும் கவனிக்க வேண்டும்: ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போக விடும் ஷெங்கன் ஏற்பாட்டில் குரோஷியா 2023-ல் சேர்ந்துவிட்டது, கோட்டோர் இருக்கும் மாண்டினீக்ரோ சேரவில்லை. அங்கே போய்த் திரும்பினால் ஷெங்கனுக்குள் மறுபடி நுழைவதாகக் கணக்கு, அதனால் பல முறை நுழைய விடும் மல்டிபிள் என்ட்ரி ஷெங்கன் விசாவாகவே விண்ணப்பியுங்கள்.