சன்ரூஃப் ஒழுக்கு: எதுவரை நம் கை, எதிலிருந்து கராஜ்?

திருகோணமலையில் காரின் சன்ரூஃப், அதாவது கூரையில் திறந்து மூடும் கண்ணாடி, ஒழுகுவது தெரியவருவது ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் என்றாலும், அதற்கான அடைப்பு கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களிலேயே உருவாகிவிடுகிறது. புழுதியும் கடற்கரை மணலும் வேப்பஞ்சருகும் கண்ணாடியின் விளிம்பில் படிந்து, முதற் பெருமழையில் சேறாகி, நீர் இறங்கவேண்டிய துளைகளில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. 'ரப்பர் போய்விட்டது' என்ற உடனடித் தீர்ப்பு அநேகமாகத் தவறானது. அந்த ரப்பர் நீரை முற்றாகத் தடுப்பதற்கென அமைந்ததன்று. அதைத் தாண்டி உள்ளே வரும் நீரைக் கண்ணாடியைச் சுற்றியுள்ள வாய்க்கால் ஏந்திக்கொள்ள, பெரும்பாலான கார்களில் நான்கு மூலைகளிலும் தொடங்கும் மெல்லிய குழாய்கள் தூண்களுக்குள்ளால் அதைக் கீழே கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. ஆகவே நாமே செய்வதா, ஆளிடம் கொடுப்பதா என்ற கேள்விக்கு முன்னால், பழுது குழாயிலா, கண்ணாடியைத் தாங்கும் சட்டத்திலா, ரப்பரிலா என்பதை அறியவேண்டும்.

அதற்கு ஒரு தேநீர்க் கோப்பை போதும். காரைச் சமதரையில் நிறுத்தி, கண்ணாடியை முழுதாகத் திறந்து, ஒரு மூலையில் கோப்பை நீரை மெதுவாக ஊற்றிவிட்டுக் கீழே குனிந்து பார்க்கவேண்டும். சில விநாடிகளில் அந்தப் பக்கச் சில்லுக்கருகே நீர் சொட்டினால் அந்தக் குழாய் நல்ல நிலையில் இருக்கிறது. என் காரின் முன் இடது மூலையில் ஊற்றிய நீர் குளம்போல அசையாமல் நின்றது; உவர்மலை இறக்கத்தில் பிரேக் பிடித்தபோதெல்லாம் உட்கூரை விளக்கிலிருந்து மடியில் தண்ணீர் கொட்டியதன் காரணம் அப்போதுதான் விளங்கிற்று.

இத்தகைய அடைப்பை எடுக்கக் கராஜுக்குப் போவது வீண்செலவு என்பேன். புல்வெட்டும் இயந்திரத்துக்கு விற்கும் நைலோன் இழையின் நுனியைச் சற்றே உருட்டி மழுக்கி, முறுக்கி முறுக்கி உள்ளே விட்டால் போதும். எனக்கு அரைமணி நேரம் பிடித்தது. முதலில் கறுத்த சேறும், பின் வேப்பம்பூக் காம்புகளும், அதன்பின் தெளிந்த நீரும் வந்தன. சைக்கிள் கம்பியை மட்டும் விடக்கூடாது, அது குழாயைக் குத்திக் கிழித்துவிடும். டயர் கடைக் கம்பிரசர் காற்று அதைவிட மோசம். அழுத்தத்தில் குழாய், வாய்க்காலோடு அதை இணைக்கும் மூக்கிலிருந்து கழன்றுவிட்டால், அதுவரை சொட்டிய நீர் இனி நேரே உட்கூரைக்குள் இறங்கும்.

மூலை துப்புரவாக இருந்தும் உள்ளே ஈரம் வருகிறதென்றால் குழாய் கழன்றிருக்கலாம், அல்லது சட்டம் வெடித்திருக்கலாம். இங்கேதான் நான் கையை எடுத்துவிடுகிறேன். உட்கூரையை இறக்காமல் அந்த இடத்தை எட்டமுடியாது. பல கார்களில் தூணோரமும் கூரையோரமும் எயார்பாக்குகள் மடிந்து கிடக்கின்றன. பற்றரியைக் கழற்றிச் சிறிதுநேரம் பொறுக்காமல் அவற்றின் அருகே கைவைப்பது ஆபத்து. உட்கூரை ஒருமுறை மடிந்துவிட்டால் அந்த மடிப்பு போகவும் போகாது. பின்னிருக்கைக்குப் பின்னால் பெரிய பற்றரி உள்ள ஹைபிரிட் கார் என்றால், பின்பக்க ஒழுக்கை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடலாகாது.

எனினும் 'ஆளிடம் கொடுப்பது' என்பது ஒரே தெரிவு அன்று. முன்பொருமுறை நகரின் ஒரு கராஜில் கண்ணாடியைச் சுற்றிச் சிலிக்கோன் பூசி அனுப்பினார்கள்; ஒழுக்கு நின்றது, கண்ணாடியும் திறக்க மறுத்தது, அடைபட்ட குழாய் அப்படியே இருந்தது. உட்கூரையைச் சேதமின்றி இறக்கி ஏற்றும் கைப்பழக்கம் பொது மெக்கானிக்கைவிடக் குஷன் வேலை செய்பவரிடமே பெரும்பாலும் இருக்கிறது. மோட்டாரும் சுவிச்சும் சம்பந்தப்பட்டால் வாகன எலெக்ட்ரீசியன் வேண்டும்; பல கார்களில் வேலை முடிந்தபின் கண்ணாடியின் மூடும் நிலையை மீண்டும் பதியவைக்கவேண்டியிருக்கும். சட்டமே வெடித்திருந்தால் கொழும்பு ஏஜென்டையோ அங்குள்ள பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளையோதான் நாடவேண்டிவரும். அங்கே பொருளுக்கு மட்டுமன்றி, கூலிக்கும் பயணத்துக்கும் காத்திருப்புக்கும் செலவு போகும்.

யாரிடம் கொடுத்தாலும், உட்கூரையை மீண்டும் ஏற்றுமுன் நான்கு மூலைகளிலும் நீர் ஊற்றி உங்கள் கண்முன்னே காட்டச்சொல்லுங்கள். கால்மிதிக்குக் கீழுள்ள பஞ்சையும் தூக்கிப் பார்க்கவேண்டும். மேல்விரிப்பு காய்ந்திருந்தாலும் அந்தப் பஞ்சு நீரைப் பிடித்துவைத்திருக்கும். எங்கள் உப்புக்காற்றில் இருக்கைக்கடி வயர் இணைப்புகளில் பச்சை பூக்க அதிக நாள் எடுப்பதில்லை. என் காரில் அந்தப் பஞ்சை நான் வெயிலில் போட்டு உலர்த்தவே மூன்று நாள் ஆயிற்று. அடைப்பெடுத்தது அரைமணி நேர வேலைதான்.