கையால் பின்னிய சாஃப்ட் ஷேக்கிள்: பலம் சரி, கழற்றுவதுதான் பாடு

சென்னையில் பாய்ப்படகு ஓட்டும் நண்பர் போனில் கேட்டார்: "நீங்க பின்னுற ஷேக்கிளை நம்பி ஜிப் பாயில மாட்டலாமா?" ஜிப் என்றால் படகின் முன்பாய். சாஃப்ட் ஷேக்கிள் என்பது இரும்பு இணைப்பு வளையத்துக்குப் பதிலாகக் கயிற்றிலேயே பின்னுவது: ஒரு முனையில் கண்ணி, மறுமுனையில் முடிச்சு, முடிச்சைக் கண்ணிக்குள் விட்டால் பூட்டிக்கொள்ளும். கடல்காரர் கோத்தகிரிக்காரனிடம் கேட்கிற கேள்விதான்! ஆனால் காற்றில் சாய்ந்த சில்வர் ஓக்கை இழுக்கவும், எஸ்டேட் பாதைச் சேற்றில் அமுங்கிய ஜீப்பை ஏற்றவும் நான் ரொம்ப நாளாக மாட்டுவது இதைத்தான். அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

வண்டிக்கு 6 மி.மீ. டைனீமா என்ற பலமான செயற்கை இழைக் கயிற்றில் பின்னுவேன். அதை அறுத்துப் பார்க்க என்னிடம் இருக்கும் 3 டன் செயின் பிளாக் (சங்கிலிக் கப்பி) காணாது. ஆகவே சோதனைக்கு மட்டும் 3 மி.மீ., 12 புரிப் பின்னல். இரண்டு கற்பூர மரங்களுக்கு நடுவே செயின் பிளாக், டிஜிட்டல் தொங்குதராசு, ஷேக்கிள். எல்லாவற்றின் மேலும் ஈரச் சாக்கு. தராசு ஒரு டன்னைத் தாண்டும்போது முடிச்சு முறுமுறுவென்று இறுகும். வெளியே விட்ட வால்கள் மெல்ல உள்ளே போகும். டைனீமா வழுக்கும் ரகம். வாலைக் குட்டையாக வெட்டினால் அறுவதற்கு முன்பே முடிச்சு உருவிக்கொள்ளும்.

கயிற்றை இரண்டாக மடித்து வளையமாகப் பூட்டுவதால், கணக்குப்படி பாரத்தை நான்கு கால்கள் சுமக்கின்றன. நான்கு மடங்கு கிடைக்க வேண்டும்தானே? கிடைக்காது. முடிச்சுக்குள் கயிறு மடங்கும் இடம் அதில் பாதியைத் தின்றுவிடுகிறது. கயிற்றின் லேபிளில் போட்டிருந்த பலத்தைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கில் அறுந்தது, அதுவும் முடிச்சின் கழுத்திலேயே. மற்ற இடமெல்லாம் புதுக்கயிறு மாதிரி. முனையில் போடும் முடிச்சில் இரண்டு வகை பார்த்தேன்: டயமண்ட் முடிச்சைவிட பட்டன் முடிச்சு கூடுதலாகத் தாங்கியது. ஆனாலும் கைவேலை ஒன்றுபோல் ஒன்று இருக்காது. அறுந்த எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நான் ஏற்றுவதில்லை.

அறும்போது ஒரு 'டப்'. சாக்கு லேசாகத் துள்ளியது, அவ்வளவுதான். இரும்பு ஷேக்கிள் தெறித்தால் என்ன ஆகும் என்று பார்த்தவனுக்கு இந்த நிம்மதியின் அருமை தெரியும். எங்கள் மூடுபனியில் துருவும் பிடிக்காது.

இனி வயிற்றெரிச்சல். நல்ல பாரம் இழுத்த பிறகு இதைக் கழற்றிப் பாருங்கள்! கண்ணி முடிச்சின் கழுத்தைக் கவ்விக்கொண்டு விடவே விடாது. பின்னலை இரண்டு பக்கமிருந்தும் தள்ளித் தள்ளி வாயைத் திறக்க வேண்டும். ஜனவரி உறைபனிக் காலையில், மரத்துப்போன விரலால், புரிகளுக்குள் சேறு ஏறிய கயிற்றில் செய்து பாருங்கள். நகம் பிய்ந்ததுதான் மிச்சம். இப்போது ஜீப்பில் கோணி ஊசி ஒன்று நிரந்தரமாகக் கிடக்கிறது. நண்பர் சொன்னபடி கண்ணியில் சின்ன இழுப்புக்கயிறு கட்டினேன். காய்ந்த கயிற்றில் அருமை. சேற்றில் அதுவும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது.

படகுக்கு யோசிக்காமல் மாட்டுங்கள். உப்புத் தண்ணீர் ஒன்றும் செய்யாது, விழுந்தால் மிதக்கும், பாய் படபடக்கும்போது மண்டையில் இரும்பு அடிக்காது. கயிறு உரசும் வளையத்தில் பிசிர் மட்டும் இருக்கக் கூடாது, விரலால் தடவிப் பாருங்கள். சாதாரணமாக இழுப்பதற்கு என் ஜீப்பில் போன வாரம் பழைய ஸ்டீல் டி-ஷேக்கிளே திரும்ப ஏறிவிட்டது. இவ்வளவு புகழ்ந்துவிட்டு இதுவா என்று கேட்டால், ஒரு ஜனவரிக் காலையில் இங்கே வந்து கழற்றிக் காட்டுங்கள், பேசலாம். சுருளில் கயிறு மிச்சம் இருக்கிறது, பார்சலில் போட்டுவிடுகிறேன். முடிச்சு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.