"நான் பொறுப்பு": பரந்தன் பக்கத்துப் பம்ப் திருத்துகிற கடை

பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகிற வீதியில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு கடை. தகரக் கொட்டில், முன்னால் ஒரு வேம்பு, வேம்பின் கீழே குடல் பிடுங்கிப் போட்ட நாலைந்து தண்ணிப் பம்புகள். கடைக்கார அண்ணையிடம் பெயர் கேட்டேன். "கடைக்கு என்ன பெயர் தம்பி, பம்ப் திருத்துற இடம் எண்டா சனம் காட்டும்" என்றார். ஆகவே நானும் பெயர் எழுதவில்லை.

அங்கே போன கதை இதுதான். கச்சானுக்கு இறைக்க இரண்டு அங்குல மண்ணெண்ணெய்ப் பம்ப் ஒன்றை டவுனில் ஒரு பெரிய கடையில் எடுத்தேன். ஒரு வருட வாரண்டி. மினுங்குகிற அட்டையில் சீல் குத்திக் கையெழுத்தும் வைத்து, காணி உறுதி தருவது போலக் கையில் தந்தார்கள். ஆனி வெயிலில், பூ முடிந்து விழுது மண்ணுக்குள் இறங்குகிற நேரம் பார்த்து, பம்புக்கும் இஞ்சினுக்கும் இடையில் தண்ணீர் ஒழுகத் தொடங்கி, பிறகு இழுக்கவே மறுத்துவிட்டது. வாங்கி 353ஆவது நாள். இன்னும் வருடம் முடியவில்லையே என்று சந்தோஷமாக அட்டையோடு போனால், அங்கே நின்ற பிள்ளை அதைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினாள். ஒரு வருடம் என்றால் 350 நாட்கள் என்று எறும்பு எழுத்தில் இருந்தது. இந்த நாட்டில் கொம்பியூட்டர் வாங்கியவர்களுக்கு இந்தக் கணக்குப் பழக்கம், பம்ப் வரைக்கும் வந்தது எனக்குத்தான் தெரியவில்லை. எந்தப் பஞ்சாங்கத்தில் 350 நாள் வருடம் இருக்கிறது என்று கேட்க வாய் வந்தது. சம்பளத்துக்கு நிற்கிற பிள்ளை, அவளைக் கேட்டு என்ன.

சரி, வேம்படிக்கு வந்தேன். அண்ணை கழற்றிப் பார்த்து, உள்ளே இருக்கிற மெக்கானிக்கல் சீல் எரிந்திருப்பதைக் காட்டினார். தண்ணீர் ஏறாமல் வெறுமனே ஓட விட்டால் அது அப்படித்தான் போகும், பம்பு நிறையத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். நிறுத்த முன்னம் பெற்றோலுக்கு மாற்றிக் கொஞ்ச நேரம் ஓட விட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த நாள் காலையில் கயிறு இழுத்தே தோள் கழன்றுவிடும். டவுனில் ஒருவரும் இதைச் சொல்லவில்லை. சீல் 1,400, கூலி 2,000 ரூபா.

காசைக் கொடுத்துவிட்டு, "அண்ணை, இதுக்குக் கரண்டி ஏதும் இருக்கோ?" என்று கேட்டேன். எங்கள் பக்கம் காரண்டி வாயில் கரண்டியாகித்தான் வரும்.

"கரண்டி குசினிக்குள்ள கிடக்கும். நான் பொறுப்பு, அவ்வளவுதான்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இந்தச் சொல்தான் மண்டைக்குள் ஓடியது. காரண்டியும் வாரண்டியும் ஒரு தாய்ப் பிள்ளைகள். பழைய ஜெர்மானியச் சொல் ஒன்று பிரான்சுக்குள் போய், ஒரு பக்கத்துப் பேச்சில் வகரமாகவே நின்று, இன்னொரு பக்கத்தில் ககரமாகி, இரண்டு உருவிலும் ஆங்கிலத்துக்குள் வந்து சேர்ந்தது. பிடியாணைக்கு அவர்கள் சொல்கிற வாரண்ட் கூட அதே குடும்பம். உத்தரவாதம் சமஸ்கிருதம். உத்தரம் என்றால் பதில், வாதம் என்றால் பேச்சு, ஆகப் பதில் சொல்லக் கடமைப்பட்ட பேச்சு. மலையாளத்தில் உத்தரவாதித்தம் என்றாலே பொறுப்புத்தான். தமிழ்நாட்டுக்காரர் சொல்கிற ஜாமீன் அரபியில் இருந்து பாரசீகம் வழியாக வந்தது, முதலில் அது பொறுப்பு நிற்கிற ஆளைக் குறித்த சொல், இப்போது ஆள் மறைந்து பெரும்பாலும் விடுதலையைத்தான் குறிக்கிறது. பொறுப்போ 'பொறு' என்பதில் இருந்து வருவது, அதாவது சுமப்பது. பொறுமையும் அதே வேர்தான், அதைப் பற்றிப் பிறகு ஒரு முறைப்பாடு இருக்கிறது.

இரண்டாம் முறை போனபோது ஒரு பெடியன் லீசிங் பத்திரத்தோடு நின்றான். மோட்டார் சைக்கிள் எடுக்க இரண்டு பிணையாளர் வேண்டுமாம், ஒருவர் கிடைத்துவிட்டார், மற்றவராக அண்ணை ஒரு கையெழுத்து வைத்தால் போதுமாம். அண்ணை கையைத் துடைத்துவிட்டு, "தம்பி, என்ர கையால செய்ததுக்கு நான் பொறுப்பு. இன்னொருத்தன்ர கைக்குப் பிணை நிக்க மாட்டன்" என்றார். முகம் சுருங்கிப் போனது பெடியனுக்கு. எனக்கும் முதலில் ஒரு மாதிரித்தான் இருந்தது.

ஆனால் சொல்லைப் பார்த்தால் அவர் சொல்வது சரி. பிணை என்றால் கட்டுவது. சூடு மிதிக்கிற காலத்தில் மாடுகளை ஒன்றோடொன்று பிணைத்து விட்டால் பிணையல், ஒரு மாடு விழுந்தால் மற்றதும் இழுபடும். பத்திரிகையில் வருகிற சரீரப் பிணையும் அப்படித்தான், விடுதலையாகிப் போகிறவனோடு உங்கள் பெயரையும் சேர்த்துக் கட்டுகிறது. போருக்குப் பிறகு எங்கள் ஒழுங்கையில் நுண்கடன் எடுத்த பெண்களுக்கு இது நன்றாகத் தெரியும். குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும், தவணைக்காரர் கடைசியாகக் கட்டாதவளின் வீட்டுத் திண்ணையில் இருப்பார், குழுப் பெண்களும் பக்கத்தில் இருக்க வேண்டும். 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபா வரைக்குமான நுண்கடனை அரசாங்கம் தள்ளுபடி செய்கிறோம் என்று அறிவிக்கும் அளவுக்கு அது முற்றியிருந்தது. இன்றைக்கும் அந்தப் பெண்களில் சிலர் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. பழைய தமிழில் புணை என்ற சொல்லுக்குத் தெப்பம் என்றும் பொருள், பிணை என்றும் பொருள். திருக்குறள் 306 இனத்தை ஏமப் புணை என்கிறது, காப்பாற்றுகிற தெப்பமாம். தெப்பம் கட்டுவதும் மரத்தோடு மரம் பிணைத்துத்தானே. மிதப்பதா, இழுபடுவதா என்பது கூடக் கட்டுப்படுகிற மரத்தைப் பொறுத்தது.

சரி, கடைக்கு வருவோம். மூன்றாம் கிழமை பம்ப் மறுபடி ஒழுகியது. போன் அடித்தேன். மம்மல் பொழுதில் சைக்கிளில் தோட்டத்துக்கே வந்து, டோர்ச்சை வாயில் கடித்துக்கொண்டு கழற்றினார். சீல் சரி, அவர் இறுக்கிய ஆணி ஒன்றுதான் இளகியிருந்தது. "இது என்ர பிழை" என்று சொல்லி ஒரு சதமும் வாங்கவில்லை. அதே இரவில் பிளக்கும் மாற்ற வேண்டியிருந்தது, அதற்கு மட்டும் காசு கேட்டு எடுத்தார். பேரம் பேசிப் பார்த்தேன், சரிவரவில்லை.

இப்போது முறைப்பாடு. பொறுப்பு அவரிடம், பொறுமை எங்களிடம். நாளைக்கு என்றால் நாலு நாள். எனக்கு முதல் தரம் ஆறு நாள் எடுத்தார், அதற்குள் கச்சான் வாடி, பக்கத்துத் தோட்டத்து ஐயாவிடம் பம்ப் இரவல் வாங்கித்தான் தப்பினேன். பற்றுச்சீட்டும் தரமாட்டார், கேட்டால் சிகரெட் பெட்டியின் பின்பக்கத்தில் தொகையை எழுதித் தருவார்.

போகிறவர்கள் காலபோக விதைப்புக்கு முன்னமே போங்கள். மழை தொடங்கினால் உழவு மிசின்காரர்கள் வேம்படியை நிரப்பிவிடுவார்கள். லீசிங் பத்திரம் கையில் இருந்தால் அதை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.