குழந்தைக் கட்டில் தடுப்பு: மெத்தையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

மகளுக்கு இரண்டரை வயது, மரத்தொட்டிலின் கம்பியில் கால் வைத்து ஏறத் தொடங்கிவிட்டாள், உயரமும் 90 செ.மீ. தாண்டியாயிற்று, அதனால் பெரிய கட்டிலுக்கு மாற்றினோம் (35 அங்குலம், அதாவது சுமார் 89 செ.மீ. வந்தாலே தொட்டிலை விட்டுவிடச் சொல்கிறார்கள் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள்). அதற்காக ஆன்லைனில் வாங்கியது இந்த வலைத்துணித் தடுப்பு.

பூட்டுவது சுலபம். கால்களை மெத்தைக்கு அடியில் செருகி, நாடாவை மறுபக்கம் இழுத்துக் கட்டினால் முடிந்தது. ஆனால் எங்கள் பழைய இலவம்பஞ்சு மெத்தையில் இது நிற்கவே இல்லை. ஓரம் அமுங்க அமுங்க, தடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவே என் முழங்கை நுழையும் அளவுக்குச் சந்து விழுந்தது. கீழே விழுவதைவிட அதுதான் ஆபத்து, குழந்தை உருண்டு போய்ச் சிக்கினால் மூச்சு முட்டிவிடும். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இது வேண்டவே வேண்டாம் என்பதும் இதனால்தான். அப்புறம் கெட்டியான தென்னைநார் மெத்தை போட்டோம், இப்போது அசையவில்லை, நாடாவை மட்டும் அவ்வப்போது இறுக்க வேண்டியிருக்கிறது.

ஜிப்பைத் திறந்து துணியைக் கழற்றித் துவைக்கலாம், அது பெரிய நிம்மதி. கீழே இறக்கும் பட்டன்தான் எரிச்சல், 'டக்'கென்று போடுகிற சத்தத்தில் தூங்குகிற பிள்ளை எழுந்துவிடுகிறது. ஒரு நட்சத்திரம் குறைத்தது அதற்காகவே.