தொட்டிலா, பாயா, தனிக் கட்டிலா?

மகளுக்கு ஏழு மாதம். பேறுகாலத்துக்குத் தக்கலையில் அம்மா வீட்டுக்குப் போனபோதே, உத்திரத்துக் கொக்கியில் நூல்சேலைத் தொட்டில் தயாராகத் தொங்கியது. மூன்று மாதம் கழித்து நாகர்கோவில் வந்தால், மாமி வீட்டில் பாய்தான் வழக்கம். அப்புறம் நாங்களாக ஒரு மரக்கட்டில் வாங்கினோம்.

பிள்ளையை உறங்க வைக்க மட்டும் என்றால் தொட்டிலை மிஞ்ச ஆளில்லை. நாலு ஆட்டு, ஒரு ராராரோ, கண் செருகிவிடும். தொல்லை அதற்கப்புறம்தான். கைக்குழந்தைக்கு ஒரு சுற்று உறக்கம் கிட்டத்தட்ட 50 நிமிடம். சுற்று முடியும்போது லேசாக விழிக்கும். உறங்கும்போது ஆடிய தொட்டில் இப்போது நின்றிருந்தால் வீடே அதிர அழும். அம்மா யோசனைப்படி தொட்டில் கயிற்றைக் காலில் கட்டிப் படுத்தபடியே ஆட்டினேன். வெளுப்பாங்காலத்தில் கால் மரத்ததுதான் மிச்சம். இன்னொன்றும் உண்டு. துணி குழிந்து பிள்ளை வளைந்து கிடந்தால் தாடை நெஞ்சில் முட்டும். கழுத்து நிற்காத மாதங்களில் மூச்சுக்கு அது நல்லதல்ல. "உன்னையும் இதுலதானே போட்டு வளத்தேன்" என்றாள் அம்மா. வளர்த்தாள்தான். அன்றைக்கு ராத்திரி மாற்றி மாற்றிப் பார்க்க வீட்டில் நாலு பேர் இருந்தார்கள்.

பாயில் படுத்தபடியே பால் கொடுக்கலாம், விழுந்துவிடுமோ என்ற பயமில்லை. ஆனால் கொடுக்கும்போதே நானும் அசந்துவிடுவேன். விழித்துப் பார்த்தால் என் போர்வை அவள் முகத்தருகே கிடக்கும். ஆடிச் சாரலில் ஒரு ராத்திரி தலைமாட்டில் பூரான் ஊர்ந்தது. மறுநாளே பாயைச் சுருட்டியாயிற்று.

மரக்கட்டிலை எங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில் போட்டோம். அழுத்தினால் குழியாத தென்னைநார் மெத்தை. தலையணை, பொம்மை, போர்வை எதுவும் கிடையாது. மல்லாக்கத்தான் போடுவேன். குப்புறப் போட்டால் நன்றாக உறங்கும் என்று மாமி சொல்லிப் பார்த்தார். அமெரிக்காவில் 1990களில் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லி இயக்கமே நடத்திய பிறகுதான், காரணம் தெரியாமல் உறக்கத்தில் நேரும் சிசு மரணங்கள் பாதியளவுக்குக் குறைந்தன. ஐந்தாம் மாதம் தானே புரள ஆரம்பித்துவிட்டாள். படுக்க வைப்பது என் வேலை, புரள்வது அவள் இஷ்டம்.

முதல் பத்து நாள் பட்டபாடு சொல்லி மாளாது. பால் குடித்துக் கண் சொருகும்போதே, முழுக்க உறங்குவதற்கு முன்னால் இறக்கிவிட்டு நெஞ்சில் கைவைத்திருப்பேன். சிணுங்குவாள், எடுப்பேன், மறுபடி இறக்குவேன். பதினொன்றாம் நாளோ என்னவோ, நடுவில் விழித்தவள் அழாமல் விரலைச் சூப்பிக்கொண்டு உறங்கிப்போனாள். உறங்கிய இடமும் விழித்த இடமும் ஒன்றாக இருந்ததால்தான் என்பது என் கணக்கு. பாலுக்கு இன்னமும் ஒரு தடவை எழுவாள். எழட்டும்.

வசம்பு உரசிக் கொடு, கிரைப் வாட்டர் கொடு என்றவர்களுக்குத் தலையாட்டிவிட்டுச் சும்மா இருந்தேன். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான்.

தக்கலையில் தொட்டில் இன்னும் தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து பேத்தியை ஆட்டுவாள், நான் உள்ளே போய் ஒரு மணி நேரம் உறங்குவேன்.