ஏ அண்ட் இ (அவசரப் பிரிவு): ஸ்கேனுக்குக் குறையில்லை, விளக்கத்துக்குத்தான் பஞ்சம்

மருத்துவமனையின் பெயரைப் போடவில்லை. சிங்கப்பூர் அரசு மருத்துவமனை, அது போதும்.

தம்பி சாப்பாடு டெலிவரி செய்கிறவன். ஈசூனில் மழையில் சறுக்கி விழுந்தபோது சைக்கிள் ஹேண்டில்பார் வலது விலாவுக்குக் கீழே குத்திவிட்டது. வெளியே சின்னச் சிராய்ப்புதான், எழுந்து நடக்கிறான், பாலிகிளினிக் போதும் என்று அடம் வேறு. 995 ஆம்புலன்சில் வந்தவர்கள் விடவில்லை, நல்லவேளை.

ஏ அண்ட் இயில் வேகத்தைப் பற்றிக் குறை சொல்லவே முடியாது. படுக்கவைத்ததும் அல்ட்ராசவுண்ட் வைத்து வயிற்றுக்குள் ரத்தம் தேங்கியிருக்கிறதா என்று தேடினார்கள், ஒன்றுமில்லை. சரி, அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தால், ரத்தம் வெளியே வழியாமல் கல்லீரலுக்குள்ளேயே நின்றிருந்தால் அல்ட்ராசவுண்டுக்குத் தப்பிவிடும் என்று டாக்டர் சொன்னார். ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் என்சைம் எகிறியிருந்தது. ரத்த அழுத்தம் நிலையாக இருந்ததால் நரம்பில் மருந்து ஏற்றி சிடி ஸ்கேன் எடுத்தார்கள். 3 சென்டிமீட்டருக்கு மேல் ஆழமான கிழிசல், கடுமையில் 5 நிலைகளில் மூன்றாவது. அந்த இளம் டாக்டர் படத்தை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டிப் பொறுமையாக விளக்கினார், அதற்கே தனி ஸ்டார் கொடுக்கலாம். ஆபரேஷன் இல்லை, வார்டில் கண்காணிப்பு மட்டும். ரத்த அழுத்தம் நிலையாக இருக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு இப்போது இதுதான் வழக்கமாம். மிஸ்ஸிகளும் (தாதியரும்) தங்கமானவர்கள்.

கோளாறு டிஸ்சார்ஜில். கொடுத்த தாளில் ஓய்வெடு, பந்து விளையாடாதே, தலைசுற்றினால் வா என்றுதான் இருந்தது, கல்லீரல் கிழிந்தால் பித்தம் கசியலாம் என்று ஒரு வரிகூட இல்லை. வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில் வயிறு உப்பி, காய்ச்சல் வந்து, கண் மஞ்சளாகிவிட்டது. பித்தநாளக் காயம் முதல் சிடியில் பெரும்பாலும் பிடிபடாது, சிடி படத்தில் பித்தமும் மற்ற நீரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும், கசிவு சில நாள், சில சமயம் சில வாரம் கழித்துத்தான் தலைகாட்டும் என்பதெல்லாம் இரண்டாவது முறை போனபோதுதான் காதில் விழுந்தது. இதை முதலிலேயே சொல்ல என்ன கஷ்டம்?

அப்புறம் நடந்ததில் குறையில்லை. ஊசி வழியாக எடுத்த நீர் பித்தம்தான் என்று உறுதியானது. எம்ஆர்ஐயில், கல்லீரல் பித்தத்தோடு வெளியேற்றும் மருந்தைச் செலுத்தி, ஒழுகும் இடத்தையே காட்டினார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டு, பித்தநாளத்தில் ஸ்டென்ட் என்ற சின்னக் குழாய் வைத்ததும் கசிவு நின்றது.

சிகிச்சைக்கு 5, டிஸ்சார்ஜ் விளக்கத்துக்கு 2. அங்கே யாரையாவது சேர்த்திருந்தால், கிளம்பும் முன் “பித்தக் கசிவு வந்தால் எப்படித் தெரியும், யாரைக் கூப்பிடுவது” என்று நீங்களே கேட்டுவிடுங்கள், அவர்களாகச் சொல்லமாட்டார்கள்.