நகரி வெயிலில் ரைசன் 5 5600எக்ஸ்: ஓவர்க்ளாக் செய்ய ஏற்ற ப்ராசசரா?

ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 சாக்கெட் உள்ள மதர்போர்டு வைத்திருப்பவர்கள் கணினியையே மாற்றாமல் வேகத்தைக் கூட்டிக்கொள்ள நினைத்தால், 2020 நவம்பரில் வெளிவந்த ரைசன் 5 5600எக்ஸ் இன்றும் நம்பி வாங்கத் தக்க ப்ராசசர். ஆனால் திருத்தணி, நகரி, புத்தூர் போன்ற வெயிலூர்களில் அதை ஓவர்க்ளாக் செய்ய, அதாவது நிறுவனம் வகுத்த வேகத்துக்கு மேல் ஓட்ட விரும்புகிறவர்கள், குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து சொல்லப்பட்ட முறைகளை அப்படியே பின்பற்றக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இங்கே வேகத்தைக் கூட்டும் வேலையை வோல்டேஜைக் குறைப்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

காற்றால் குளிர்விக்கும் கூலர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், ப்ராசசரை அறையின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோக அதனால் முடியாது. ஒரு குறிப்பிட்ட மின்செலவில் ப்ராசசர் அறையைவிட 45 டிகிரி கூடுதலாகச் சூடாகிறது என்று வைத்துக்கொண்டால், 23 டிகிரி ஏசி அறையில் அது 68 டிகிரியில் நிற்கும். கத்திரி நாட்களில் வெயில் ஏறிய மொட்டைமாடிக்கு நேர் கீழே, 39 டிகிரி அறையில் அதே ப்ராசசர் 84 டிகிரிக்குப் போய்விடும். இதற்கு ஏஎம்டி வகுத்திருக்கும் உச்சவரம்பு 95 டிகிரி. ஏசி அறைக்காரர்களுக்கு 27 டிகிரி இடம் மிச்சமிருக்கும்போது நமக்கு மிஞ்சுவது 11 டிகிரிதான்.

என் தொழில் கல்யாண வீடியோ எடிட்டிங். நகரியிலும் ஏகாம்பரகுப்பத்திலும் எடுக்கும் கல்யாணங்களோடு, மாநில எல்லை தாண்டிப் பள்ளிப்பட்டு, திருத்தணிப் பக்கத்து வேலைகளும் வருகின்றன. வைகாசி முகூர்த்தங்கள் கத்திரியை ஒட்டியே வருவதால், கணினிக்கு வேலை மிகும் காலமும் ஊர் காயும் காலமும் ஒன்றாகிவிடுகின்றன. சில நிமிடம் ஓடும் மதிப்பெண் சோதனையில் ஒரு ப்ராசசர் எவ்வளவு காட்டுகிறது என்பதைவிட, பகல் இரண்டு மணிக்குத் தொடங்கிய ரெண்டரை (எடிட் செய்ததை முழு வீடியோவாக உருவாக்கும் வேலையை) விளக்கு வைக்கும் நேரம் வரை வேகம் குன்றாமல் ஓட்டுகிறதா என்பதே எனக்கு முக்கியம்.

இந்த ப்ராசசரில் ஆறு கோர்களும் (கணக்கிடும் மையங்கள்) பன்னிரண்டு த்ரெட்களும் 32 எம்பி எல்3 கேஷும் இருக்கின்றன. அடிப்படை வேகம் 3.7 கிகாஹெர்ட்ஸ், தானாக எட்டும் பூஸ்ட் வேகம் 4.6 கிகாஹெர்ட்ஸ். 65 வாட் ப்ராசசர் என்று அறிவிக்கப்பட்டாலும், சாக்கெட் வழியாக அது எடுத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்ட மின்திறன் 76 வாட். அந்த வெப்பம் அத்தனையும் 7 நேனோமீட்டர் முறையில் செய்யப்பட்ட மிகச் சிறிய சில்லின் மேற்பரப்பு வழியாக வெளியேற வேண்டியிருப்பதால், பெரிய கூலர் போட்டும் எதிர்பார்த்த அளவுக்கு வெப்பம் இறங்கவில்லை என்று பலரும் நினைக்க நேர்கிறது. பெட்டியோடு வரும் ரெய்த் ஸ்டெல்த் கூலர் ஹீட் பைப் இல்லாத அலுமினியக் கூலர். இயல்பான அளவுக்குள் ஓட்டுவதற்காகத் தரப்படுவது. ஓவர்க்ளாக் செய்ய நினைப்பவர்கள் நான்கு ஹீட் பைப் உள்ள டவர் கூலரைத் தனியாக வாங்கிக்கொள்வது நல்லது. பழைய கூலரைக் கழற்றும்போது கவனம் வேண்டும். ஏஎம்4 ப்ராசசர்களின் 1331 ஊசிகளும் ப்ராசசரின் அடியிலேயே இருப்பதால், தெர்மல் பேஸ்ட் இறுகிப்போயிருந்தால் கூலரோடு ப்ராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து ஊசிகள் வளைந்துவிடும். கணினியைச் சற்று நேரம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து மின்னிணைப்பை எடுத்துவிட்டு, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகியபடி எடுக்க வேண்டும்.

இந்த ப்ராசசரை ஓவர்க்ளாக் செய்ய மூன்று வழிகள் உண்டு. எல்லா கோர்களையும் ஒரே வேகத்தில், ஒரே வோல்டேஜில் நிறுத்திவைப்பது பழைய வழி. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு கோர் மட்டும் உழைக்கும்போது தானாக எட்டக்கூடிய உச்ச வேகம் அதில் போய்விடுகிறது, எடிட்டிங் டைம்லைனில் நாம் உணரும் சுறுசுறுப்போ பெரும்பாலும் அந்த ஒற்றைக் கோர் வேகத்திலிருந்தே கிடைக்கிறது. இரண்டாவது வழி, பிபிஓ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ் மூலம் மின்திறனுக்கு 76 வாட், தொடர் மின்னோட்டத்துக்கு 60 ஆம்பியர், உச்ச மின்னோட்டத்துக்கு 90 ஆம்பியர் ஆகிய மூன்று வரம்புகளையும் தளர்த்துவது. மின்செலவு 100 வாட்டைத் தாண்டும், வேகமோ அதற்கேற்ற அளவில் கூடாது. மார்கழியில் இது பயன்படலாம். மே மாதத்தில் ப்ராசசர் வெப்ப வரம்பை முட்டித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

மூன்றாவது வழியான கர்வ் ஆப்டிமைசருக்காகவே இந்த ப்ராசசரை எனக்குப் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு வேகத்துக்கும் இவ்வளவு வோல்டேஜ் வேண்டும் என்று தொழிற்சாலையில் எழுதிவைக்கப்பட்ட கணக்கு, எல்லாச் சில்லுகளுக்கும் பாதுகாப்பாக இருப்பதற்காகச் சற்றுத் தாராளமாகவே வைக்கப்பட்டிருக்கிறது. பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) ஒவ்வொரு கோருக்கும் தனித்தனியாக மைனஸ் 30 வரை கொடுத்து அந்தத் தாராளத்தைக் குறைக்கலாம். ஒரு படி என்பது ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிவோல்ட். மைனஸ் 20 கொடுத்தால் 60 முதல் 100 மில்லிவோல்ட் வரை குறையும். மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால், 1.30 வோல்ட்டில் ஓடிய கோர் அதே வேகத்தில் 1.22 வோல்ட்டில் ஓடினால் செலவில் ஏறக்குறைய 12 சதவீதம் மிச்சமாகிறது. அந்த மிச்சத்தை ப்ராசசர் தானாகவே வேகமாக மாற்றிக்கொள்கிறது.

என் கணினியில் 76 வாட் வரம்பை மாற்றாமல், சிறந்த இரண்டு கோர்களுக்கு மைனஸ் 10, மற்ற நான்குக்கு மைனஸ் 20 வைத்திருக்கிறேன். எல்லா கோர்களும் உழைக்கும் ரெண்டரில் 4.3 கிகாஹெர்ட்ஸை ஒட்டி நின்ற வேகம் 4.5-ஐ நெருங்கியது, செலவாகும் வாட் அதேதான் என்பதால் வெப்பம் கூடவில்லை. ஒரு மணி நேர ரெண்டரில் மிச்சமாவது இரண்டு மூன்று நிமிடங்கள்தான் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கோடையில் நான் செய்வது இதைவிடப் பயனுள்ளது: அந்தக் குறைப்பை அப்படியே வைத்துக்கொண்டு, மின்வரம்பை 76 வாட்டிலிருந்து 65 வாட்டுக்கு இறக்கிவிடுகிறேன். வேகம் ஏறத்தாழ வாங்கிய நாளின் அளவிலேயே இருக்கிறது. வெப்பம் நன்றாக இறங்கி, ஃபேன் இரைச்சலும் அடங்கிவிடுகிறது. நம் ஊருக்கு உண்மையான லாபம் இதுதான் என்று நினைக்கிறேன்.

சிறந்த இரண்டு கோர்களுக்குக் குறைவாகக் கொடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அவை ஏற்கெனவே குறைந்த வோல்டேஜில் உயர்ந்த வேகத்தை எட்டுபவை. மேலும் குறைக்க அவற்றில் அதிக இடம் இல்லை. வோல்டேஜை அளவுக்கு மீறிக் குறைத்திருந்தால், கடும் வேலையின்போது பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அப்போது எல்லா கோர்களும் நடுத்தர வேகத்தில்தான் ஓடுகின்றன. கணினி சும்மா இருக்கும்போதோ, ஒரு கோப்பைத் திறக்கும்போதோ, ஒரே ஒரு கோர் உச்ச வேகத்துக்குத் தாவும் கணத்தில்தான் திடீரென்று ரீஸ்டார்ட் ஆகும். அதனால் பிரைம்95 என்ற சோதனை மென்பொருளை எல்லா கோர்களிலும் ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது. ஒவ்வொரு கோராக மாற்றி மாற்றிச் சோதிக்கும் கோர்சைக்ளர் என்ற கருவியை இரவு முழுவதும் ஓடவிட வேண்டும்.

விசைத்தறிகள் ஓடும் தெருக்களில் கணினி ரீஸ்டார்ட் ஆனால் எல்லோரும் முதலில் கரண்டைத்தான் குறை சொல்வார்கள். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் வீ-லாகர் (WHEA-Logger) என்ற தலைப்பில் 18-ஆம் எண் பிழை பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சந்தேகம் கோர்களின் மேல் திரும்ப வேண்டும். எந்தக் கோர் என்று கண்டுபிடிக்க உதவும் எண்ணும் அந்தப் பதிவிலேயே இருக்கும். அந்தக் கோருக்கு மட்டும் இரண்டு மூன்று படிகளைத் திருப்பிக் கொடுத்தால் போதும்.

ராம் விஷயத்தில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டிடிஆர்4 3600 ராமை, ப்ராசசரின் உள்ளிணைப்பு வேகம் அதில் பாதியான 1800 மெகாஹெர்ட்ஸில் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி வைத்தால் போதுமானது. கிராபிக்ஸ் கார்டுக்கும் நான் சொன்ன நியாயமே பொருந்தும். ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் வோல்டேஜ் வளைவைக் கீழிறக்கிப் பார்த்துவிட்டுப் பிறகு வேகத்தைத் தொடலாம்.

சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் வாங்குகிறவர்கள் இரண்டு செய்திகளை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஓவர்க்ளாக் செய்வதற்கு ஏ520 சிப்செட் மதர்போர்டுகளில் ஏஎம்டி அனுமதி தரவில்லை. பி450, பி550, எக்ஸ்570 ஆகியவற்றில் ஒன்று வேண்டும். ஓவர்க்ளாக் செய்ததால் ப்ராசசருக்குச் சேதம் வந்தால் வாரண்டி செல்லாது; பிபிஓவும் அதன் கீழ் வரும் கர்வ் ஆப்டிமைசரும் இந்த விதிக்கு விலக்கல்ல.

தறித் தெருவில் இருப்பவர்களுக்கு மேலும் ஒரு வேலை உண்டு. பஞ்சுத் தூசி கூலரின் தகடுகளுக்கிடையில் மெத்தைபோல் படிந்துவிட்டால், மேலே சொன்ன எந்தத் திருத்தமும் பயன் தராது. கேபினட்டின் முன்பக்க வலையை வாரந்தோறும் துடைத்து, மாதம் ஒருமுறை ப்ளோயரால் கூலரை ஊத வேண்டும். ஊதும்போது ஃபேனின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றின் வேகத்தில் கட்டுக்கடங்காமல் சுற்றவிட்டால் பேரிங் கெட்டுப்போகும்.